பல்கலைக்கழக மாணவர்க்குத் தத்துவம் பயிற்றுமாறு

சைவசித்தாந்தத்தைப் பாடமாகக் கொண்டு பயிலும் பல்கலைக்கழக மாணவர் ஒருவரை, 'பதியின் இலக்கணம் யாது?' என்று வினவின், தடத்தம் சொரூபம் என இருவகைப்படுத்து உடனே விடையிறுப்பர். 'பாசம் எனைத்து வகைத்து?' எனின், மூன்றென்றும் ஐந்தென்றும் இருவாற்றானும் எண்ணிக் காட்டுவர். அவரையே, 'பதி ஒருவன் உளன் என்பதற்கு ஏது யாது? அவ்வேதுவை ஒப்பாதார் யாது கூறி மறுப்பர்? அம்மறுப்பிற்கு நும் விடை யாது?' என்று தொடர்ந்து வினவின், பெரும்பாலார் வாய்வாளாதிருப்பர். முன்னைய வினாக்களுக்கு விடை ஏட்டில் உள்ளது; பின்னையவற்றிற்கு விடை மாணவர்தம் சிந்தையிற் பிறத்தல் வேண்டும். முன்னதை மட்டும் பெற்றுப் பட்டம் எய்தி வெளிப்போந்தவர், மாற்றான் ஒருவன் எதிர்ப்பட்டு ஒரு தடை நிகழ்த்திய அளவிலே, ஒன்று சினங்கொள்வர். அன்றேல் தாம் கற்ற அனைத்தையும் ஒருங்கே கைவிடுவர். இவ்விருவகையாரையும் யாம் கண்கூடாகக் கண்டிருக்கின்றோம். ஆதலின் இப்பாடத்தைப் பயிற்றுமாறு எவ்வாறு என்பது ஆசிரியர்க்கே உரிய சிறுபொருளென்று நம் மடாலயத்துப் பெரியோரும் புலவரும் ஒதுக்கற்பாலதன்று.

இக்குறை நேர்ந்ததற்குக் காரணங்கள் பல. ஒன்றை ஈண்டுக் குறிப்பாம். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டபொழுது, இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு, தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் கழகமாகவே அமைந்தது. கற்பித்தல் கல்லூரிகளின் பாலது. தேர்தல் கழகத்தின் பாலது. கற்பிப்போரும் தேர்வோரும் வேறாயவழி, இருவர்க்கும் பொதுவாய் நிற்பது அச்சிட்ட பாடத்திட்டம் ஒன்றே. எது தாளில் எழுதி அளக்கத்தக்கதோ அதுவே கற்பிக்கப்படுவதாயிற்று. கணக்கியல் முதலாயவற்றிற்கு இதனாற் பெருங்கேடு விளையவில்லை. கணக்கை மாணவன் தாளிலேயே செய்து காட்டுகின்றான். தத்துவத்திலோ, ஒரு முடிபை எழுதிக் காட்டுவதற்கும் அம்முடிபை எய்தும் வழியை நடந்து காட்டுவதற்கும் இடையே பெரியதோர் அகழி உளது. பின்னர்ப் பல்கலைக்கழகங்கள் தாமே துறைகள் வகுத்துக் கற்பிக்கத் தொடங்கின. 1929-இல் தில்லையின் மருங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மாணவர் உடனுறைந்து கற்கும் இடமாகத் தோன்றிற்று. வகுப்பறை மாறியும், குறிப்புரைத்தலும் குறிப்பெழுதுதலுமாகிய பழக்கம் பெரிதும் மாறிற்றில்லை.

நம் முன்னோர் நூல்களை நோக்கின், அவர் இவ்வாறு கற்பித்தாரல்லர் என்பது புலனாம். மாற்றார் நூலேயாயினும் மணிமேகலையை ஒருமுறை எடுத்து நோக்குக. அந்நங்கை வஞ்சிமாநகரிற் சமயக்கணக்கர் பலரையும் அணுகி அவரவர் திறத்தை அவரவர் வாயாலே கேட்கின்றாள். அதன்பின் காஞ்சியில் அறவணவடிகள் அவட்குத் தம் அறத்தை உடனே உரைத்துவிடவில்லை. முன்னர் அளவையை உரைத்து, நல்ல ஏது இது, போலி ஏது இது என்று வேறுபாடு காட்டி, அதன்பின்னரே தம் கொள்கையை வைக்கின்றார். அருணந்தி சிவாசாரியரும் சித்தியாரிற் சுபக்கத்தின் முன்னர் அளவையிலக்கணத்தை வைத்தார். அதற்கும் முன்னர்ப் பரபக்கத்தில், உலகாயதர் முதற் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினான்கு மதத்தாரை எடுத்து, ஒவ்வொருவர் கொள்கையையும் அவர் கூறுமாறே முதற்கண் கூறி, பின்னர் மறுத்தார். இருபா இருபஃதோ ஆசிரியனை நோக்கி மாணவன் நிகழ்த்தும் வினாக்களால் ஆயது. உமாபதி சிவாசாரியர் அருளிய வினாவெண்பாவின் பதின்மூன்று செய்யுட்களும், அதன் பெயரே காட்டுமாறு, பெரும்பாலும் வினாக்களே. திருவதிகை மனவாசகங்கடந்தார் அருளிய உண்மைவிளக்கமும் மாணவன் கேட்க ஆசிரியன் விடுக்கும் முறையிலே செல்வது. சாத்திரம் பதினான்கனுள் இத்துணை நூல்கள் வினாவையே உறுப்பாகக் கொண்டிருப்பவும், அவற்றைக் கற்பிக்கும் வகுப்பில் மாணவன் வினாவ ஒரு நாழிகையேனும் இடமில்லாதிருத்தல் வியப்பினும் வியப்பே.

இனி, எவ்வாறு தொடங்குவது? பாடத்திட்டம் வகுப்போர் பலரும் வரலாற்றினின்று தொடங்குகின்றனர்: சைவத்தின் தொன்மை, ஆகமங்களின் தொகை, சந்தானகுரவர் காலம் என்றிவ்வாறு. இவை அறியற்பாலனவே. ஆயினும் தத்துவத்தின் வாயில் அதுவன்று என்பது எம் கருத்து. முதல் இரண்டு வாரங்களும் அளவைக்கே உரியவாதல் வேண்டும். அதுவும் பிரமாணங்களின் பெயரைப் பட்டியலாக எழுதுவித்தல் அன்று. 'அளவை பத்தென்பாரும் உளர். சித்தாந்திகள் காட்சி, கருதல், உரை என மூன்றில் ஏனையவற்றை அடக்குவர். மணிமேகலையிற் கூறப்படும் பௌத்தர் இரண்டே கொள்வர். உலகாயதர் ஒன்றே கொள்வர்' என்று கூறி, 'நீவிர் எத்துணை கொள்வீர்? நும் பிறந்தநாளை நீவிர் எவ்வளவையான் அறிந்தீர்?' என்று வினவிப் பாருங்கள். தன் பிறந்தநாளை ஒருவன் காட்சியான் அறிந்தானல்லன்; கருதலானும் நாள் துணிய இயலாது; தாய்தந்தையர் உரையானும் பதிவேட்டானுமே அறிந்தான். உரையளவையை மூடநம்பிக்கை என்று எள்ளிவந்த மாணவனும் இவ்விடத்துச் சிறிது நிற்பான். உடனே அடுத்த தடையை அவனே எழுப்புவான்: 'தாய் பொய்யுரைக்கக் காரணமில்லை, பிறர் கூறும் எல்லா உரையும் அத்தகையனவோ?' இதுதான் ஆப்தன் யார் என்னும் ஆராய்ச்சி. ஆகமப் பிரமாணம் பற்றிய பாடம் இவ்வாறு அவன் வாயினின்றே பிறந்துவிட்டது. ஆசிரியர் அதனை நெறிப்படுத்தினாற் போதும்.

அளவை கைவந்தபின், சிவஞானபோதத்தின் முதற்சூத்திரத்தைக் கையிலெடுக்கலாம். மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று அதிகரணந்தோறும் நிற்கும் அந்நூலமைப்பு வகுப்பிற்கென்றே வகுக்கப்பட்டது போன்றுளது. மூவகையாகச் சுட்டி அறியப்படும் உலகம் தோன்றி நின்று அழிதலின் அதற்கொரு முதல்வன் உளன் என்பது மேற்கோளும் ஏதுவுமாம். இதனைக் கூறியவுடன் கூர்மையுள்ள மாணவன் ஒருவன் எழுந்து தடை நிகழ்த்துவான். நிகழ்த்தானாயின் ஆசிரியரே நிகழ்த்துக. உலகத்தின் பகுதிகள் தோன்றி அழிதலைக் காண்கின்றோம். உலகம் முழுதும் தோன்றி அழிதலை யார் கண்டார்? தேரை இழுக்கும் வடத்தின் ஒவ்வோர் இழையும் ஒரு குழந்தை கையால் அறும். அதனால் வடமும் குழந்தை கையால் அறும் எனலாமோ? நன்று. ஆயின் ஆடையின் ஒவ்வோர் இழையும் வெள்ளையாயின் ஆடையும் வெள்ளையே. உறுப்பின் தன்மை உறுப்பிக்குச் செல்லுதல் சிலவிடத்து உண்டு, சிலவிடத்து இல்லை. தோன்றி ஒடுங்குதல் என்னும் தன்மை வடத்தின் வன்மை போல்வதோ, ஆடையின் வெண்மை போல்வதோ? இவ்வினாவை வைத்துக்கொண்டு ஒரு வகுப்பு முழுதும் போக்கலாம். போக்கினாற் பிழையில்லை. சூத்திரத்தை ஒரு நாளில் முடித்தேன் என்று பெருமைகொள்ளும் ஆசிரியர் எதனை முடித்தார் என்பது எமக்கு விளங்குவதில்லை.

மேனாட்டுத் தத்துவம் பயின்ற மாணவர் ஹியூம் என்பாரது தடையையும் கொணர்வர். அவர் இறந்து மூன்றாண்டு கழித்து 1779-இல் வெளிவந்த உரையாடல் நூலில் அது உளது: குடத்தைக் குயவன் வனைதலைப் பலகாலும் கண்டிருக்கின்றோம், ஆதலின் குடங்கண்டு குயவனை ஊகிக்கின்றோம், உலகங்கள் படைக்கப்படுதலை ஒருகாலும் கண்டிலோம், இவ்வுலகமோ ஒன்றே, ஒன்றேயாயதன்கண் உடனிகழ்ச்சி காணுமாறு எங்ஙனம்? இத்தடை வலியது. இதனை 'நாத்திகம்' என்று ஒரு சொல்லாற் புறந்தள்ளுதல் சித்தாந்திக்கு இழுக்கு. நம் ஆசிரியர் கூறும் ஏது உலகின் அழகையும் ஒழுங்கையும் மட்டும் பற்றியதன்று என்பதை ஆசிரியர் எடுத்துக் காட்டல் வேண்டும். மாயை சடமாதலின் தானே காரியப்படாது. உயிர் கருவிகளோடு கூடியல்லது அறியமாட்டாதாதலின் அக்கருவிகளைத் தானே எடுத்துக்கொள்ளாது. வினையும் சடமாதலின் தன் பயனைத் தானே ஊட்டாது. இம்மூன்றும் இணையுமிடத்து இணைப்பான் ஒருவன் வேண்டும் என்பதே நடை. இது ஹியூமின் தடையை முற்றும் கடந்ததோ, ஒரு கூற்றிற் கடந்து ஒரு கூற்றிற் கடவாததோ என்பதை மாணவர் வழக்கிடுக. ஆசிரியர் முடிபைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டு சிறிது காத்திருத்தல் நலம்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை. இக்காலத்து மேடைகளில், விண்ணகம் விரிந்து செல்கின்றது என்று 1929-இல் ஹபிள் என்பார் கண்டதையும், 1965-இல் வெளியிடப்பட்ட நுண்ணலைப் பின்புலக் கதிர்வீச்சின் கண்டுபிடிப்பையும் எடுத்துக்கூறி, 'முதற்சூத்திரத்தை இயற்பியலார் மெய்ப்பித்துவிட்டனர்' என்று முழங்குவாருளர். கேட்போர் கைகொட்டுவர். வகுப்பில் இதனைச் செய்தல் ஆகாது. இயற்பியலார் கூறுவது, இன்று பரந்துகிடக்கும் பொருளெல்லாம் ஒருகாலத்து மிகச் செறிந்தும் வெம்மை மிக்கும் இருந்து விரிந்தது என்பது. அதற்கும் முன் யாது என்பதில் அவரே பல கருத்தினர். சித்தாந்தமோ மாயை அநாதி என்றும், தோற்றமென்பது சூக்குமமாய் ஒடுங்கி நின்றது தூலமாய் வெளிப்படுதல் என்றும், அத்தோற்ற ஒடுக்கங்கள் மீளமீள நிகழ்வன என்றும் கூறும். இல்லது தோன்றும் என்று கூறுவார் மதத்திற்கு இயற்பியலின் ஒரு கருத்து இயையலாம், சற்காரியவாதிக்கு இன்னொன்று இயையலாம். நாளை அக்கருத்து மாறின் சூத்திரமும் உடன் மாறுமோ? ஏதுவாற் பெற்ற முடிபை ஏதுவாலே காத்தல் வேண்டும்.

மூன்றாஞ் சூத்திரமே மாணவர் உள்ளத்தை மிகவும் ஈர்ப்பது என்பது எம் அனுபவம். உயிர் உண்டு என்பதற்கு ஆண்டு ஏழு ஏதுக்கள் தரப்படுகின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாற்றானை நோக்கியது: உயிரே இல்லையென்பான், உடலே உயிரென்பான், பொறிகளே உயிரென்பான் என்றிவ்வாறு செல்லும். மாணவர் எழுவரை எழுப்பி, ஒவ்வொருவர்க்கும் ஒரு மாற்றானது பக்கத்தை ஒப்படைத்துப் பேசச் செய்யுங்கள். 'இல்லை என்று கூறுவதற்கும் ஒருவன் வேண்டுமன்றே' என்னும் முதல் ஏதுவைக் கேட்டவுடன், 'இது டேக்கார்ட் கூறியதே' என்று ஒருவர் கூறுவது வழக்கம். 1637-ஆம் ஆண்டிலும் 1641-ஆம் ஆண்டிலும் வெளிவந்த நூல்களில், எல்லாவற்றையும் ஐயுற்றாலும் ஐயுறுவானாகிய தன்னை ஐயுறலாகாது என்று அவர் காட்டினார். ஒப்புமை உண்மையே. ஆனால் ஒப்புமை கண்ட மகிழ்ச்சியில் வகுப்பை முடித்துவிடலாகாது. டேக்கார்ட் கண்ட உயிர் தன்னைத் தானே தெளிவாக அறிவது, உடலினும் எளிதின் அறியப்படுவது. மெய்கண்டார் கண்ட உயிரோ உணர்த்த உணர்வது. அவ்வேதுவும் அச்சூத்திரத்திலேயே உளது. ஒருவர் வாயிலிலே இருவரும் கூடி நுழைந்து, உள்ளே வேறு வேறு அறைக்குச் சென்றனர் என்க. இவ்வேறுபாட்டைக் காணாது ஒப்புமை கூறுவது அரைக்கல்வி.

இரண்டாம் ஏதுவாகிய 'எனது உடல்' என்னும் வழக்கின்மேல் எழும் தடை இன்னும் சுவையுடையது. உடையானும் உடைமையும் வேறாதலின், உடலை எனது என்பவன் உடலின் வேறாவான் என்பது நடை. ஒரு முறை மாணவி ஒருவர், 'என் உயிர் என்றும் கூறுகின்றோமே. அங்ஙனமாயின் உயிரின் வேறாய உடையான் ஒருவன் உளனோ?' என்று கேட்டார். இத்தடைக்கு விடை நம் இலக்கணநூலிலே உளது. ஆறாம் வேற்றுமைப் பொருள் தற்கிழமை என்றும் பிறிதின்கிழமை என்றும் இருவகைப்படும். 'சாத்தனது ஆடை' என்புழி உடையானும் உடைமையும் பிரிவன. 'இராகுவினது தலை' என்புழித் தலையே இராகு. 'என் உயிர்' பின்னதன் பாற்படும். நன்று, ஆயின் 'என் உடல்' முன்னதன் பாற்படும் என்று எதனாற் பெற்றோம்? சொல்லமைப்பு இரண்டிற்கும் ஒன்றே. ஆகவே வழக்கு மட்டும் நின்று வேற்றுமையைத் துணிவியாது. கனவிற் பொறிகள் ஒடுங்கியவழியும் அறிவு நிகழ்தல், உறக்கத்தில் உயிர்ப்பு இயங்கியும் நுகர்ச்சி இன்மை என்று சூத்திரம் மேலே கூறும் ஏதுக்கள் வந்து துணைநிற்றல் வேண்டும். ஏழு ஏதுக்களும் ஏழு தனித்தூண்களாக நில்லாது, ஒன்றையொன்று தாங்கி நிற்கும் கட்டடமாக இருப்பதை மாணவர் அன்று கண்டனர். கண்டது அம்மாணவியின் வினாவால்.

இனிச் சொற்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். தத்துவ வகுப்பிற் பாதி இடர்ப்பாடு சொல்லால் வருவது. ஆங்கிலத்திற் கற்பிப்போர் மாயையைப் பொய்த்தோற்றம் என்று பொருள்படும் சொல்லால் வழங்க, மாணவர் அதனைக் கேவலாத்துவிதியின் மாயையென்றே கொண்டு, சித்தாந்தத்தில் அது உள்பொருள், உலகிற்கு முதற்காரணம் என்பதைத் தேர்வுநாள்வரை அறியாதிருப்பர். தமிழிற் கற்பித்தால் இவ்விடர் நீங்கும் என்று எண்ணுவார்க்கு ஆணவம் என்னும் சொல்லைக் காட்டுவாம். இற்றைத் தமிழ் மாணவனுக்கு ஆணவம் என்பது செருக்கு. செய்தித்தாளிலும் திரைப்படத்திலும் அவன் கேட்ட பொருள் அதுவே. செம்பிற் களிம்புபோல உயிரை அநாதியே பற்றி நின்று அதன் அறிவையும் செயலையும் மறைக்கும் பொருள் அது என்று கூறினால், எழுதிக்கொள்வான்; எழுதிக்கொண்டு, 'பணிவுடையார்க்கு ஆணவமலம் இல்லையோ?' என்று பின்னர் வினவுவான். சகலாகமபண்டிதர் ஆணவத்தின் வடிவு யாதென வினவ, இளம் பருவத்தினராகிய மெய்கண்டார் அவர் நின்ற நிலையையே குறிப்பாற் சுட்டினார் என்னும் வரலாறும் இம்மயக்கத்தை வளர்ப்பதற்கு ஏதுவாகின்றது. அவ்வரலாற்றில் செருக்கு ஆணவத்தின் ஒரு காரியமாகச் சுட்டப்பட்டது. புகையைச் சுட்டித் தீயைக் காட்டியது போல்வது. தாழ்வுணர்ச்சியும், சோம்பலும், 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்னும் துயரமுங்கூட அம்மறைப்பின் காரியங்களே என்று கூறியபின்னரே மாணவர் முகம் தெளியக் கண்டோம்.

அத்துவிதம் என்னும் சொல்லும் இத்தகையதே. மாதவச் சிவஞானமுனிவர் இச்சொல்லை ஆராயுமிடத்து, முன்னிற்கும் எதிர்மறையிடைச்சொல் இன்மை, அன்மை, மறுதலை என மூன்று பொருள்படும் என்னும் முறையைக் கொண்டு, ஈண்டு அன்மைப் பொருளே கொள்ளற்பாலது என நிறுவுவர். இதனை வடமொழிச் சொற்களால் விளக்க மாணவர் திகைப்பர். அரூபம் என்பது உருவம் இன்மை. அநீதி என்பது நீதிக்கு மறுதலை. அன்மைக்கு, அஃறிணை என்னும் நம் சொல்லையே காட்டலாம். அஃறிணை என்றால் திணையே இல்லை என்று பொருளோ? உயர்திணை அல்லாத திணை என்பதன்றோ? அவ்வாறே இரண்டு பொருள் இல்லை என்று கூறாது, இரண்டாய் நிற்கும் தன்மை அன்று என்பதே அத்துவிதம். உடலும் உயிரும்போல் ஒன்றாதல், கண்ணும் ஞாயிறும்போல் வேறாதல், கண்ணொளியும் உயிரறிவும்போல் உடனாதல் என்னும் மூவகைக் கலப்பையும் இதன்பின்னரே கூறுதல் வேண்டும். உவமையை முன்வைத்து இலக்கணத்தைப் பின்வைத்தால், மாணவர் உவமையைப் பற்றிக்கொண்டு இலக்கணத்தை விடுவர்.

மாற்றார் கொள்கையைக் கற்பிக்குமாறு பற்றி எம் உள்ளத்தில் உள்ளதை மறையாது கூறுவாம். நம் வகுப்புகள் சிலவற்றில் உலகாயதன் மூடனாகவும், பௌத்தன் பிடிவாதியாகவும், மாயாவாதி நகைக்கத்தக்கவனாகவும் காட்டப்படுகின்றனர். பரபக்கத்தின் கடுஞ்சொற்களைப் பற்றிக்கொண்டு அதன் முறையை விட்டமையால் நேர்ந்த தீங்கு இது. வைக்கோற் பொம்மையை வீழ்த்தக் கற்றவன் மற்போருக்கு ஆகான். மெய்கண்டார் வாழ்ந்த அப்பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே, பாரிசு மாநகர்ப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த தாமஸ் அக்வினாஸ் (1225–1274) என்னும் கிறித்தவ ஆசிரியர் தம் பெருநூலில் ஒவ்வொரு வினாவின்கண்ணும் தமக்கு மாறான ஏதுக்களையே முதற்கண் வரிசைப்பட வைத்து, அதன்பின்னரே தம் விடையைக் கூறினார்; அக்காலத்து அப்பல்கலைக்கழகத்தின் வாதமன்ற வழக்கே அந்நூலின் நடையாயிற்று. இவர் சித்தியாரை அறியார். அருணந்தியார் இவரை அறியார். இருவரும் ஒரே முறையைக் கைக்கொண்டனர். மாற்றானுடைய வலிய ஏதுவை எடுத்துக்கூற அஞ்சுவான் தன் ஏதுவின்மேல் நம்பிக்கையில்லாதவன் என்று இருவரும் உணர்ந்திருந்தனர் போலும். ஆதலின் யாம் கூறுவது: சிவஞானபோத வகுப்பில் மாயாவாதியின் பக்கத்தை, சங்கரவேதாந்தி ஒருவர் வந்து கேட்டுத் 'தம் கருத்து இதுவே' என்று ஒப்புமாறு உரைக்கவல்ல மாணவனுக்கே, அதனை மறுக்கும் உரிமை உண்டு.

செருமனி நாட்டுத் தத்துவப் பேராசிரியர் காண்ட் என்பவர் 1755 முதல் 1796 வரை கோனிக்ஸ்பெர்க் நகரிற் கற்பித்தவர். 1765-ஆம் ஆண்டு தம் வகுப்புகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில், மாணவன் கற்கவேண்டுவது பிறர் எண்ணங்களையன்று, எண்ணுதலையே என்னும் கருத்தை அவர் வற்புறுத்தினார். வியப்பென்னெனில், அத்தகையவர் வகுப்பில் தம் நூலைக் கற்பித்தாரல்லர். அந்நாட்டு முறைப்படி அச்சிட்ட பாடநூலொன்றை மேசைமேல் வைத்து, பாம்கார்ட்டன் என்பாரது நூலையே பல்லாண்டு கைக்கொண்டு, அதன் ஓரங்களிலும் இடைத்தாள்களிலும் தம் தடைகளையும் விடைகளையும் எழுதி எழுதிக் கற்பித்தார். பாடநூல் இருப்பதனாற் சிந்தனை கெடாது என்பதற்கு இது சான்று. நம் பழைய உரையாசிரியர் செய்ததும் பிறிதில்லை.

இனி மடாலயத்துப் பெரியோர் எழுப்பும் தடையை ஆராய்வாம். 'தீக்கை பெறாதவர், பிற சமயத்தார், கடவுளே இல்லையென்பார் ஆகிய யாவரும் கலந்திருக்கும் வகுப்பிற் சாத்திரம் உரைத்தல் தகுமோ? மதிப்பெண்ணிற்காகக் கற்பார்க்கு உணர்த்தப்படும் பொருளோ இது?' என்பர். தடை நியாயமுடையது. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என்னும் நான்கனுள் நூல் முழுதும் அடங்குதலின், முதலிரண்டை மட்டும் பெற்று முழுதும் பெற்றேன் எனத் தருக்குவாரைப் பல்கலைக்கழகம் உண்டாக்கிவிடுமோ என்னும் அச்சம் வீணன்று. ஆயினும், மறைத்தல் இனி இயலாது என்பதையும் நினைதல் வேண்டும். ஹொய்சிங்டன் என்னும் அமெரிக்கப் பாதிரியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அச்சேற்றிவிட்டார். 1895-இல் நல்லசாமிப் பிள்ளையவர்கள் தம் மொழிபெயர்ப்பை வெளியிட்டார்கள். இன்று அந்நூல் எவர் கையிலும் உளது, கைப்பேசியிலும் உளது. சாத்திரம் அவைக்கு வந்துவிட்டது. அதனை அவையில் முறையாக உரைப்பார் இருப்பரோ, முறையின்றி உரைப்பாரே இருப்பரோ என்பதே இனி நம் கையில் எஞ்சியிருப்பது.

இத்தடைக்கு நூலின் பகுப்பே ஒரு வழி காட்டுகின்றது. சூத்திரம் பன்னிரண்டனுள் முதலாறும் பொதுவதிகாரம், பின்னாறும் உண்மையதிகாரம். முன்னதில் பிரமாணவியலும் இலக்கணவியலும், பின்னதில் சாதனவியலும் பயனியலும் மும்மூன்று சூத்திரங்களாக அமைந்துள. உள்பொருள் இவை, இவற்றின் இலக்கணம் இது என ஏதுவான் நிறுவும் முதலாறும் பல்கலைக்கழகத்திற்கு முழுதும் உரியன. ஆண்டு எச்சமயத்தானும் அமர்ந்து வழக்கிடலாம், உடன்படாமலே முதன்மை எண்ணும் பெறலாம். சாதனமும் பயனும் கூறும் பின்னாறு சூத்திரங்களை, நூலின் கருத்து இது என்னும் அளவில் உரைத்து நிறுத்தல் வேண்டும். திருவைந்தெழுத்தை ஓதுமாறு பற்றி ஐந்து மதிப்பெண் வினா ஒன்றை யாம் ஒரு வினாத்தாளிற் கண்டு வருந்தியதுண்டு. அப்பகுதியை அறியும் வேட்கை மிக்க மாணவர், விடுமுறைக்காலத்தில் ஒரு திங்களேனும் ஆதீனமொன்றிற் சென்றிருந்து பாடங்கேட்க இடமளித்தால், மடாலயமும் பல்கலைக்கழகமும் ஒன்றற்கொன்று உறுதுணையாம். அவர்க்கு அங்கே வேண்டுவது உணவும் ஒதுக்கிடமும், நாள்தோறும் இரண்டு நாழிகை உரைநூலொன்றை வரிவரியாகப் படித்துக்காட்ட ஒரு வித்துவானும், செலவு பெரிதன்று.

தேர்வுமுறையும் மாறுதல் வேண்டும். வினவிய அளவிற் கட்டுரை யாத்துத் தரும் பொறிகள் 2022-ஆம் ஆண்டின் இறுதிமுதல் மாணவர் கைக்கு எளிதில் எட்டியுள்ளன. வீட்டிலிருந்து எழுதிவரும் கட்டுரை மாணவனுடையதோ பொறியினுடையதோ என்று ஆசிரியர் புலனாய்வு செய்துகொண்டிருத்தல் வீண்முயற்சி. இதனை இடராகக் கொள்ளாது, பழைய வாதமுறைக்கு மீள வாய்த்த வாயிலாகக் கொள்ளலாம் என்பது எம் துணிபு. மதிப்பெண்ணிற் பாதியேனும் வாய்மொழித் தேர்விற்கு ஒதுக்குக. பேராசிரியர் ஒருவரும் மடாலயத்து வித்துவான் ஒருவரும் உடனிருந்து வினவுக. மாணவன் சீட்டெடுத்து, வந்த மதத்தின் பக்கம் நின்று கால்நாழிகை பேசுக. பின்னர் அதனை மறுத்துக் கால்நாழிகை பேசுக. வகுப்பில் மாணவர் நாற்பதின்மராயின் இதற்கு மூன்று நாள் செல்லும். செல்லட்டும்.

அத்தேர்வில் யாம் முதற்கண் வைக்க விரும்பும் வினா ஒன்று உளது. எம் வகுப்பில் முதலாண்டு மாணவர் ஒருவர் கேட்டது: 'ஆணவம் உயிரின் அறிவை மறைத்தது என்கின்றீர், மறைக்கப்பட்டேன் என்பதை உயிர் எவ்வாறு அறிந்தது? அறிந்ததாயின் மறைப்பு நீங்கிற்று. அறியாததாயின் அம்மறைப்பை உண்டென்று கூறுவார் யார்?' மாயையாகிய விளக்கையும், திரோதானசத்தியையும், உணர்த்த உணரும் இயல்பையும் ஒருங்கே கொணர்ந்தாலன்றி இதற்கு விடை வாராது.